படம் பிடிப்பது பெட்டியா, ஆளா?

"நல்ல காமிரா இருந்தால் நல்ல படம் வரும்."

இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு.

"காமிராவில் என்ன இருக்கிறது? எடுக்கிறவன் கையில் அல்லவா இருக்கிறது!"

இப்படிச் சொல்கிறவர்களும் உண்டு.

இந்த வழக்கு இன்றும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. மகன் விலை உயர்ந்த காமிரா கேட்கிறான். "இருப்பதை வைத்துக்கொண்டு எடு" என்கிறார் தகப்பனார். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். தாயார் நடுவில் நின்று தவிக்கிறார். இது சின்ன விஷயம் அல்ல. சில காமிராக்களின் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம்.

யார் சொல்வது சரி?

1951-ம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்தில், ஒருவர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்!

மருந்துக் கடைப் பையன்

அவர் பெயர் பெர்ட் ஹார்டி. 1913-ல் லண்டன் நகரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். ஏழு பிள்ளைகள். அவர்தான் மூத்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார்.

அந்தக் காலத்தில் அங்கே மருந்துக் கடைக்காரர்கள் போட்டோ கழுவிப் பிரதி போட்டுக் கொடுப்பதும் உண்டு. அப்படி ஒரு கடையில் ஹார்டிக்கு வேலை கிடைத்தது. பிறர் எடுத்த படங்களைக் கழுவிக் கழுவி, எது நல்ல படம், எது கெட்ட படம் என்று அவர் கண்டுகொண்டார். படம் எடுப்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தாமே கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் சாரட்டு வண்டியில் அந்தப் பக்கமாகப் போனார்கள். ஹார்டி படம் பிடித்தார். மன்னர் முகம் நன்றாக விழுந்த படத்தை 200 பிரதி போட்டு விற்றார். பையன் பிழைக்கத் தெரிந்தவன்!

பிறகு "பிக்சர் போஸ்ட்" என்ற பெரிய படப் பத்திரிகையில் சேர்ந்தார். உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தது. தீயணைப்புப் படையினரோடு போய் நெருப்புக்கு நடுவே படம் எடுத்தார். 1950-ல் கொரியப் போருக்கும் போனார். பெயர் பெற்றார்.

சொன்னார், செய்தார்

இந்த ஹார்டி ஒரு கட்டுரை எழுதினார். "நல்ல படம் எடுக்க விலை உயர்ந்த காமிரா தேவை இல்லை" என்பது அதன் சாரம். புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்காக எழுதியது.

எழுதுவது சுலபம். விலை உயர்ந்த காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஹார்டி எழுதியதோடு நிற்கவில்லை. சாதாரணப் பெட்டி காமிரா ஒன்றை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்குப் போனார்.

"பிரௌனி" என்று அந்தப் பெட்டி காமிராவுக்குப் பெயர். அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவரின் கோடக் கம்பெனி 1900-ல் அதைக் கொண்டுவந்தது. முதல் பெட்டியின் விலை ஒரே ஒரு டாலர். குழந்தைகள் கூட வாங்க வேண்டும் என்றுதான் அந்த விலை வைத்தார்கள். ஒரு பெட்டி. முன்பக்கம் ஒரு சிறிய லென்ஸ். உள்ளே ஒரு பிலிம் சுருள். பக்கத்தில் ஒரு விசை. அவ்வளவுதான். காலம் போகப் போகப் பல வகைப் பிரௌனிகள் வந்தன. ஆனால் சாதாரணப் பெட்டியின் குணம் மாறவில்லை. தூரத்துக்கு ஏற்றபடி லென்சைத் திருப்ப முடியாது. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

பிளாக்பூல் கடற்கரையில் நீளமான இரும்புக் கிராதி உண்டு. நடனக் குழுவைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்களை ஹார்டி அதன் மேல் உட்கார வைத்தார். கடல் காற்று வீசியது. ஒருத்தியின் பாவாடை காற்றில் பறந்தது. இருவர் முகத்திலும் குதூகலம். ஹார்டி விசையைத் தட்டினார்.

அந்தப் படம் 1951 ஜூலையில் "பிக்சர் போஸ்ட்" பத்திரிகையில் வந்தது. போர் முடிந்து ஆறு ஆண்டு ஆகியும் பங்கீட்டுக் கஷ்டம் தீராமல் இருந்த நாடு அது. அந்தச் சிரிப்பு எல்லோரையும் கவர்ந்தது. ஹார்டி எத்தனையோ போர்ப் படங்கள் எடுத்தவர். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெட்டி காமிராப் படம்தான்.

வெற்றியின் ரகசியம்

அப்படியானால் காமிராவில் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

அவசரப்படக் கூடாது. ஹார்டி என்ன செய்தார் என்று கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

பெட்டி காமிராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அவர் பகலில், திறந்த வெளியில் எடுத்தார். மிக நெருங்கிப் போனால் அந்த லென்சில் உருவம் தெளிவாக விழாது. அவர் தள்ளி நின்று எடுத்தார். வேகமாக ஓடுகிறவர்களை எடுத்தால் உருவம் இழுத்துக்கொண்டு போகும். அவர் பெண்களை உட்கார வைத்தார். அசைந்தது காற்றும் துணியும்தான். அது தற்செயலாக அகப்பட்ட படமும் அல்ல. யோசித்து, இடம் பார்த்து, உட்கார வைத்து எடுத்தது.

அதாவது, அந்தப் பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். செய்யாததை அவர் அதனிடம் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு கொரியப் போருக்குப் போனபோது அவர் பெட்டி காமிராவை எடுத்துக்கொண்டு போகவில்லை!

காந்திஜியும் மூன்று பல்புகளும்

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு.

மார்கரெட் பூர்க்-வைட் என்று ஓர் அமெரிக்க மாது. "லைப்" பத்திரிகையின் பெயர் பெற்ற போட்டோகிராபர். 1946-ல் பூனாவில் காந்திஜியை, ராட்டையோடு படம் எடுக்க வந்தார். கையில் முதல் தரமான காமிரா. பிளாஷ் பல்புகள். எதிலும் குறை இல்லை.

காந்திஜியின் காரியதரிசி அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு நூற்கத் தெரியுமா?"

தெரியாது என்றார் அம்மையார்.

"நூற்கத் தெரியாதவர், நூற்பவரை எப்படிப் படம் எடுப்பது? முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்!

அம்மையார் உட்கார்ந்து ராட்டை சுற்றப் பழகினார். நூல் அறுந்தது. மறுபடியும் சுற்றினார். அதன் பிறகே உள்ளே விட்டார்கள்.

அங்கேயும் நிபந்தனைகள். காந்திஜிக்கு அன்று மௌன விரதம். பேசக் கூடாது. கண்ணைக் கூசும் வெளிச்சம் அவருக்குப் பிடிக்காது. ஆகவே மூன்றே மூன்று பிளாஷ் பல்புகளுக்குத்தான் அனுமதி. ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும். எனவே பிளாஷ் போட்டு மூன்றே படங்கள்.

முதல் பல்பு போயிற்று. கருவி செய்த கோளாறு. இரண்டாவது பல்பும் போயிற்று. இந்தத் தடவை கருவி மேல் பழி சொல்ல முடியாது. பிலிமுக்கு முன்னால் இருக்கும் மூடித் தகட்டை வெளியே இழுக்க அம்மையாரே மறந்துவிட்டார். பதற்றம்! மூன்றாவது பல்புதான் கைகொடுத்தது.

ராட்டைக்கு அருகில் காந்திஜி தரையில் அமர்ந்து காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கும் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பூனாவில் அந்த அம்மையார் எடுத்ததுதான் அது.

மூன்று பல்புக் கதையில் கட்சி கட்டி வாதாடுகிற இரு தரப்பாருக்கும் இடம் இருக்கிறது. காமிரா ஒரு தடவை காலை வாரியது. ஆள் ஒரு தடவை காலை வாரினார்.

இருட்டில் எடுத்த படம்

1948 ஜனவரி 30. டெல்லி. ஹென்றி கார்த்தியே-பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர் காந்திஜியைச் சந்தித்து, தம் படங்களைக் காட்டிவிட்டு வந்தார். அன்று மாலையே காந்திஜி சுடப்பட்டார். பிரெஞ்சுக்காரர் பிர்லா மாளிகைக்குத் திரும்பி ஓடினார்.

இருட்டிவிட்டது. வாசலில் ஜனக் கூட்டம். ஜவஹர்லால் நேரு கேட்டருகே நின்று, காந்திஜி இறந்த செய்தியை மக்களுக்குச் சொன்னார். பிரெஞ்சுக்காரருக்குப் பிளாஷ் போடும் வழக்கமே கிடையாது. இருந்த விளக்கு வெளிச்சத்தில் எடுத்தார்.

படம் மங்கல். உருவங்கள் கலங்கலாகத் தெரிகின்றன. சோதனைச் சாலையில் காட்டினால் மார்க்கு கிடைக்காது. ஆனால் அந்த இரவின் துக்கம் முழுவதும் அதில் இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் மனம் கனக்கும்.

அவர் கையில் இருந்தது ஜெர்மனியில் செய்த "லைக்கா" காமிரா. உள்ளங்கை அளவுதான். சினிமாப் பிலிமில் படம் பிடிக்கும் இந்தச் சிறிய காமிராவை ஆஸ்கர் பார்னாக் என்ற தொழில் நிபுணர் உருவாக்கினார். 1925-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் பெரிய பெட்டியைச் சுமந்தார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து, யார் கண்ணையும் உறுத்தாமல், அடுத்தடுத்துப் படம் எடுக்க லைக்காதான் வழி திறந்தது. ஆக, இந்தப் படத்தில் ஆளுக்குப் பாதி, கருவிக்குப் பாதி என்று பங்கு போட முடியாது. இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

சைக்கிளில் போன அம்மையார்

அதே காலத்தில் டெல்லியில் ஓர் இந்தியப் பெண்மணி படம் எடுத்துக்கொண்டிருந்தார். சேலை கட்டி, காமிராவைச் சுமந்துகொண்டு, சைக்கிளில் போவார். ஹோமாய் வியாரவாலா என்று பெயர். குஜராத்தில் நவ்சாரியில் 1913-ல் பிறந்த பார்சிப் பெண். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் அவர்தான்.

அவர் பம்பாயில் படம் எடுக்கத் தொடங்கிய நாளில், ஒரு பெண் எடுத்த படம் என்றால் யாரும் மதிப்பதில்லை. முதலில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன! காமிராவா, ஆளா என்று வழக்காடுகிறோம். ஆள் யார் என்பதையே மறைக்க வேண்டியிருந்த காலமும் இருந்தது.

பின்னாளில் அவர் "டால்டா 13" என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். டால்டா டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் கார் எண் டி.எல்.டி. 13. பிறந்த ஆண்டு 1913. கணவரை முதலில் சந்தித்தது 13-வது வயதில். பதின்மூன்று கெட்ட எண் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க!

அவர் பயன்படுத்திய "ஸ்பீடு கிராபிக்" காமிரா கனமானது. சுருள் பிலிம் அல்ல, தனித்தனித் தகடாகப் போட வேண்டும். ஒரு படம் எடுத்ததும் தகட்டை மாற்ற வேண்டும். பல்பு கருகிப் போகும். அதையும் மாற்ற வேண்டும். அதற்குள் மந்திரி காரில் ஏறிப் போய்விடுவார். இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

அதனால் என்ன ஆயிற்று? விசையைத் தட்டுவதற்கு முன்பே பார்க்கப் பழக வேண்டியிருந்தது. யார் எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது சிரிப்பார் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. 1947 ஆகஸ்டு 16-ந் தேதி செங்கோட்டையில் முதன் முதலாகத் தேசியக் கொடி ஏறிய காட்சி, மவுண்ட்பேட்டன் விடைபெற்றுப் போன காட்சி, நேரு புறாவைப் பறக்கவிட்ட காட்சி எல்லாம் அவர் காமிராவில் விழுந்தன. 1970-ல் தொழிலை விட்டார். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2012-ல், 98-ம் வயதில் காலமானார்.

குதிரையும் பால் துளியும்

இது வரை ஆள் கட்சி பலமாக இருக்கிறது. இப்போது காமிராக் கட்சியின் பேச்சையும் கேட்போம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? இது பெரிய சர்ச்சை. எவ்வளவு கூர்மையான கண்ணாலும் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்க ரெயில்வே முதலாளி ஸ்டான்போர்டு என்பவருக்கு விடை தெரிய வேண்டும். மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராபரைப் பிடித்தார். 1878-ல் குதிரை ஓடும் பாதை ஓரத்தில் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்தார்கள். குதிரை ஓட ஓட ஒவ்வொரு காமிராவாக இயங்கியது.

நான்கு கால்களும் எழும்புகின்றன! ஆனால் எப்போது தெரியுமா? ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தது போல, கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல. வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கும்போது. ஓவியர் எத்தனை கெட்டிக்காரராக இருந்து என்ன? கண்ணுக்கு எட்டாததைக் கருவிதான் காட்டியது.

எட்ஜர்டன் என்ற பேராசிரியர் கதையும் இதே மாதிரிதான். இமைப்பதற்குள் பல முறை மின்னி மறையும் விளக்கை வைத்து அவர் படம் எடுத்தார். பால் துளி ஒன்று விழுந்து, கிரீடம் போல எழும்பி நிற்கும் படம் 1957-ல் எடுத்தது. ஆப்பிளைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துப் போகும் படம் 1964-ல். அந்த விளக்கு இல்லாமல் உலகத்தின் தலைசிறந்த போட்டோகிராபர் வந்தாலும் இந்தப் படங்களை எடுத்திருக்க முடியாது. ஆனாலும் ஒன்று: பால் கிரீடம் அழகாக அமையவேண்டும் என்று எட்ஜர்டன் இருபது ஆண்டுகளுக்கு மேல் துளி துளியாகச் சொட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலவுக்கு அருகே

விண்வெளிக்குப் போன காமிராக்களின் கதை வேடிக்கையானது. 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தார். அவர் எடுத்துச் சென்ற ஒரு காமிரா, புளோரிடாவில் சாதாரணக் கடையில் வாங்கியது! கையுறை போட்ட கையால் பிடிக்க வசதியாக, ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வால்ட்டர் ஷிர்ரா போனபோது சுவீடன் நாட்டு "ஹாசல்பிளாட்" காமிராவைக் கொண்டுபோனார். அதன் பிறகு நிலவுப் பயணங்களுக்கு அதுவே நிலைத்தது.

1968 டிசம்பர் 24. அப்பல்லோ 8 கலத்தில் மூன்று பேர் நிலவைச் சுற்றி வந்தார்கள். நிலவைப் படம் எடுப்பதுதான் திட்டம். கலம் திரும்பியபோது, நிலவின் விளிம்புக்கு மேலே நீல நிறத்தில் ஒரு பந்து எழும்பியது. நம்முடைய பூமி!

வில்லியம் ஆண்டர்ஸ் திகைத்துப் போனார். கையில் இருந்த காமிராவில் கறுப்பு வெள்ளை பிலிம். அவசரமாக ஒரு படம் தட்டினார். "கலர் பிலிம் கொடு, சீக்கிரம்!" என்று பக்கத்தில் இருந்த ஜிம் லவெலைக் கேட்டார். தேடி எடுத்து மாட்டுவதற்குள் காட்சி மறைந்துவிடுமோ என்று தவித்தார்கள். நல்ல வேளை, மறையவில்லை. நீண்ட லென்ஸ் மூலம் எடுத்த அந்தக் கலர்ப் படத்தை உலகம் முழுவதும் பார்த்தது.

முதல் தரமான காமிரா, சரியான லென்ஸ், கலர் பிலிம் எல்லாம் கலத்தில் தயாராக இருந்தன. ஜன்னல் வழியே பார்த்து "அதோ!" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கோழிக் கூண்டில் ஸ்டுடியோ

இங்கிலாந்தில் ஜூலியா மார்கரெட் காமரூன் என்ற சீமாட்டி இருந்தார். (பெயரைப் பார்த்து, காமிராவுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.) 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயது வரை காமிராவைத் தொட்டதில்லை. 1863-ல் மகளும் மருமகனும் ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று.

அம்மா விடவில்லை! கோழிக் கூண்டைக் காலி செய்து ஸ்டுடியோ ஆக்கினார். கரி போட்டு வைத்திருந்த அறையை இருட்டறை ஆக்கினார். மருந்து தடவிய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்துப் படம் எடுத்து முடித்துவிட வேண்டும். உட்கார்ந்தவர்கள் நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கவிஞர் டென்னிசனும் விஞ்ஞானி டார்வினும் அப்படி அவர் முன்னே உட்கார்ந்தார்கள்.

"உருவம் தெளிவாக இல்லை, மங்கலாக இருக்கிறது" என்று சங்கத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் கேட்கவில்லை. அந்த மங்கலில்தான் முகத்துக்கு உயிர் வருகிறது என்று இருந்தார். கேலி செய்தவர்களின் தெளிவான படங்களை இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள்?

1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். அங்கே காப்பித் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் உழைத்த தோட்டங்கள் அவை. 1879-ல் இலங்கையிலேயே இறந்தார். மலைநாட்டில், பொகவந்தலாவை மாதா கோவில் மயானத்தில் அவர் சமாதி இருக்கிறது.

கையில் இருக்கும் போன்

இன்று காமிரா இல்லாத வீடு அபூர்வம். போனிலேயே இருக்கிறது. இருட்டில் அது நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, ஒரு தெளிவான படமாகக் கொடுக்கிறது. ஹார்டியின் பெட்டி இதைக் கனவிலும் கண்டதில்லை.

ஆனாலும் போனின் லென்ஸ் மிளகு அளவுதான். மைதானத்தின் மறு கோடியில் பந்தை அடிக்கும் பையனை எடுக்க வேண்டுமா? மரத்து உச்சியில் இருக்கும் குருவியை எடுக்க வேண்டுமா? பெரிய லென்ஸ் வேண்டும். காசு செலவு செய்துதான் தீரவேண்டும். கலியாண வீட்டுப் படத்தைத் தொழிலாகச் செய்கிற பையன் நல்ல காமிரா கேட்டால், தகப்பனார் யோசிக்கலாம். தப்பில்லை.

பாட்டியின் முகம், குழந்தையின் முதல் நடை, பொங்கல் பானை, இவற்றுக்கு அது வேண்டாம். பாட்டியை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால், எத்தனை ஆயிரம் ரூபாய்க் காமிராவிலும் முகம் கறுத்துத்தான் விழும். ஜன்னலைப் பார்த்துத் திருப்பி உட்கார வையுங்கள். விரலால் திரையை விரித்து இழுக்காமல், இரண்டு அடி முன்னால் போங்கள். "சிரி, சிரி" என்று அதட்டாமல், அவருக்குப் பிடித்த பேச்சை யாராவது பேசட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போனின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்க் கை பட்டு மங்கியிருக்கும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். புதுப் போன் வாங்கும் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.